போலி, கள்ளம், கவரிங்

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், குடாநாட்டுக்கு மேற்கே சிதறிக் கிடக்கும் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டு வழங்கினர். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட் என்று பெயர் பெற, பனங்கூடலும் புகையிலைத் தோட்டமுமாக விளங்கும் சின்னஞ்சிறு அனலைதீவுக்குத் துறைமுக நகரான றொட்டர்டாமின் பெயர் வாய்த்தது. இப்படி ஓர் ஊரின் பெயரை இன்னோர் ஊருக்குச் சூட்டுவதும் ஒருவகைப் பிரதிதான் என்றாலும், அனலைதீவை றொட்டர்டாம் என்று நம்பவைத்து எவரையும் ஏமாற்ற அவர்கள் எண்ணவில்லையாதலால் அதைப் போலி என்று சொல்ல நா எழுவதில்லை. உண்மையல்லாதவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் எண்ணற்ற சொற்களைப் பிரித்தறியவும் இதே தயக்கம் உதவுகிறது. ஏமாற்றும் எண்ணம் உண்டா, உண்டெனில் அது யாருடையது, ஏமாறுபவர் யார் என்ற கேள்விகளுக்கு அச்சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு விடை வைத்திருக்கின்றன.

மேற்சொன்ன பெயர்களுள் டெல்ஃப்ட் சற்று நின்று பார்க்கத்தக்கது, ஏனெனில் அந்நகரின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு பாவனைப் பாண்டத்துக்கே பொதுப்பெயராகிவிட்டது. 1602இல் ஒல்லாந்தரிடம் பிடிபட்ட சாவோ தியாகோ என்ற போர்த்துக்கேயக் கப்பலில் இருந்த சீனப் பீங்கான்கள் மிடில்பர்க்கிலும், மறு ஆண்டு பிடிபட்ட சாந்தா கத்தரீனாவின் பீங்கான்கள் 1604இல் அம்ஸ்டர்டாமிலும் ஏலம் போயின. பின்னாளில் புங்குடுதீவுக்கும் காரைதீவுக்கும் சூட்டப்பட்ட பெயர்களுக்குரிய நகரங்கள் இவையே. செல்வர் வீடுகளில் இப்படிப் பிறந்த ஆசை அடங்குமுன், 1644இல் மிங் அரசு வீழ்ந்து சீனாவில் குழப்பம் மூண்டு பீங்கான் வரத்துக் குறைந்துவிட, அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தவர்கள் டெல்ஃப்ட் நகரத்துக் குயவர்கள். சாதாரண மண்பாண்டத்தின்மேல் வெள்ளீயம் கலந்த வெண்ணிறப் பளிங்குப் பூச்சைப் பூசி, நீல வண்ணத்தால் சீனத்து மலைகளையும் பறவைகளையும் தீட்டிச் சூளையில் வைத்தனர்.

எட்ட நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். விளிம்பு சற்று உடைந்த தட்டைக் கையில் எடுத்தால் மட்டுமே வேறுபாடு புலப்படும்: பூச்சு செதிலாகப் பெயர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் மங்கல் மண் எட்டிப்பார்க்கும். சீனப் பீங்கானோ உடைந்த வாயிலும் வெள்ளையாகவே இருப்பதோடு, மெல்லிய கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபுறமுள்ள விரலின் நிழல் அதனூடே தெரியும். 1653இல் டெல்ஃப்டில் தொடங்கி இன்றுவரை இயங்கிவரும் ஒரு பட்டறை ‘பீங்கான் குடுவை’ என்று பொருள்படும் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. பீங்கான் செய்யத் தெரியாதவர்கள் பீங்கானின் பெயரைத் தாங்கியது ஓரளவு துணிச்சல்தான், ஆயினும் வாங்கியவர்கள் விலையிலிருந்தே உண்மையை அறிந்திருந்தனர். இன்று அந்தப் பாவனைப் பாண்டங்கள் அருங்காட்சியகங்களில் அமர்ந்திருக்க, அவற்றின் போலிகள் சுற்றுலாக் கடைகளில் விற்பனையாகின்றன.

தமிழில் ‘போலி’ என்ற சொல்லும் குற்றவாளியாகப் பிறந்த சொல்லன்று. ‘போல்’ என்ற உவம உருபோடு உறவுடைய இச்சொல், ஒன்றைப் போல இருப்பது என்ற அளவிலேயே பொருள் தந்தது. இலக்கண நூலார் ஓர் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் மற்றோர் எழுத்து நின்றும் பொருள் மாறாதிருப்பதைப் போலி என்றனர். அறம் அறன் ஆவதும், மஞ்சு மைஞ்சு ஆவதும், ஐந்து அஞ்சு ஆவதும் அவ்வாறே. சந்தையில் அஞ்சு ரூபாய் கேட்பவர் போலியான ஐந்தைக் கேட்கவில்லை. இல்லின் முன் என்பது முன்றில் என மாறி நிற்பதை இலக்கணப்போலி என்று வகுத்து, இலக்கணமுடையதற்கு நிகராக ஏற்றுக்கொண்ட மரபு அது. அந்த மரியாதையை இழந்து, போலி மருத்துவர், போலிச் சான்றிதழ் என்று காவல்துறைச் செய்திகளில் வந்து சேர்ந்திருக்கிறது இன்றைய ‘போலி’.

ஆங்கிலத்திலும் இதே சரிவைக் காணலாம். செயற்கை என்று தமிழில் பெயர்க்கப்படும் ‘ஆர்ட்டிஃபிஷல்’ என்ற சொல் இலத்தீனில் கலை, செய்தல் என்னும் இரு சொற்களிலிருந்து வந்தது. கைத்திறனால் ஆக்கப்பட்டது என்பது அதன் பழைய பொருள். கள்ள நாணயத்தைக் குறிக்கும் ‘கவுண்டர்ஃபிட்’, ஷேக்ஸ்பியர் காலத்தில் ஒருவரின் உருவப்படத்தையும் குறித்தது. பொய்யாவணம் செய்தலைச் சுட்டும் ‘ஃபோர்ஜ்’ என்பதோ கொல்லனின் உலைக்களத்துக்கும் பெயர். இரும்பை அடித்து வடிவாக்குவதும் கையெழுத்தை வடிவாக்குவதும் அம்மொழியில் ஒரே வினை. தமிழ் வாசகருக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை, ஏனெனில் மாலை புனைவதற்கும் கதை புனைவதற்கும் பொய்வழக்குப் புனைவதற்கும் தமிழர் வைத்திருப்பதும் ஒரே சொல்தான். ஆக்கும் திறமையைப் பாராட்டிய சொல்லே, அத்திறமை கண்டு அஞ்சும் சொல்லாகவும் மாறுகிறது. ‘ஃபேக்’ மட்டும் இதற்கு விலக்கு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தென்படும் அச்சொல் இலண்டன் திருடர்களின் குழூஉக்குறியோடு தொடர்புடையது என்பதால், இழப்பதற்கு அதனிடம் நற்பெயர் இருந்ததில்லை.

வேறு சில சொற்கள் ஊரையும் ஆளையும் பழிசுமக்க வைத்தவை. 17ஆம் நூற்றாண்டில் கள்ள நாணயத்துக்குப் பேர்போயிருந்த பர்மிங்காம் நகரின் பேச்சுவழக்குப் பெயரான ‘பிரம்மஜெம்’, பகட்டான மலிவுச் சரக்கைக் குறிக்கும் வசையாயிற்று. ‘டோட்ரி’ என்ற சொல் ஈலி என்னும் ஊரில் புனித ஆட்ரி பெயரால் நடந்த சந்தையில் விற்ற பட்டுக் கழுத்துநாடாவிலிருந்து பிறந்தது. இளமையில் கழுத்தணிகளை விரும்பியதற்குத் தண்டனையாகவே தம் கழுத்தில் கட்டி வந்ததாக அந்தப் புனிதை கருதினார் என்பது மரபு. அவர் பெயராலேயே கழுத்தணி விற்ற வணிகரின் சாமர்த்தியம், கோயில் திருவிழாவில் வளையல் கடை பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புதிதாக இராது.

இவற்றுள் மிகவும் அநியாயமாகப் பழிக்கப்பட்டவர் கிறிஸ்டோபர் பிஞ்ச்பெக். 1732இல் இறந்த இந்த இலண்டன் கடிகாரக்காரர் செம்பையும் துத்தநாகத்தையும் குறிப்பிட்ட அளவில் கலந்து, பொன்னைப் போலவே தோற்றமளிக்கும் கலப்புலோகம் ஒன்றை உருவாக்கினார். கொள்ளையருக்கு அஞ்சிப் பயணங்களில் உண்மை நகை அணியாதவர்களுக்கு அது மிகவும் பயன்பட்டது. அவருக்குப் பின் கண்ட கண்ட பித்தளையெல்லாம் அதே பெயரில் விற்கப்பட்டமையால், வெளிப்படையாகத் தொழில் செய்த ஒருவரின் குடும்பப் பெயர் ஆங்கில அகராதிகளில் ‘போலியான’ என்ற பொருளோடு நிலைத்துவிட்டது. மின்முலாம் பூசும் முறை 1840இல் காப்புரிமை பெற்றதும், குறைந்த மாற்றுத் தங்கத்துக்கு 1854இல் பிரித்தானியச் சட்டம் இடம்கொடுத்ததும் அந்த உலோகத்தின் தேவையை ஒழித்தன.

பிஞ்ச்பெக்கின் இடத்தில் தமிழுலகில் வீற்றிருப்பது ‘கவரிங்’. மூடுதல் என்று மட்டுமே பொருள்படும் ஆங்கிலச் சொல், செம்பு அல்லது பித்தளைமீது மெல்லிய பொன்பூச்சு ஏற்றிய நகைக்குத் தமிழில் பெயராயிற்று. சிதம்பரம் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. கவரிங் சங்கிலி என்று ஆங்கிலேயர் ஒருவரிடம் சொன்னால் அவருக்கு விளங்காது, ஆகவே உடல் ஆங்கிலமும் உயிர் தமிழுமான சொல் என்று அதைக் கொள்ளலாம். இந்த நகையின் இயல்பை அறியக் கொக்கியையும் கழுத்தோடு உரசும் கண்ணிகளையும் பார்க்கவேண்டும். வியர்வையும் உராய்வும் சேர்ந்து முதலில் அங்கேதான் பூச்சைத் தின்று, செம்பின் செந்நிறத்தை வெளிக்காட்டும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உண்மை தெரிந்த இவ்வணிகத்தில் மயங்குபவர், மயங்கினால், கலியாண வீட்டில் எதிரே இருந்து கழுத்தை அளப்பவர் மட்டுமே. ‘இமிட்டேஷன்’ என்ற மென்மையான சொல்லுக்கும் வஞ்சனையைச் சுட்டும் ‘ஷாம்’ என்ற சொல்லுக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

‘எர்சாட்ஸ்’ என்ற சொல்லின் கதையை வடபுலத்து வாசகர் தம் அனுபவத்தாலேயே அறிவர். ஜேர்மன் மொழியில் பதிலி என்று மட்டும் பொருள்படும் இச்சொல், முதலாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை அந்நாட்டுக்குச் சரக்குப் போகவிடாது வழிமறித்தபோது, வாற்கோதுமையையும் சிக்கரி வேரையும் வறுத்துக் கோப்பியாகக் குடித்தவர்களின் அன்றாடச் சொல்லாயிற்று. தட்டுப்பாட்டை உண்டாக்கிய தரப்பின் மொழியான ஆங்கிலமே அதை ஏளனச் சொல்லாகவும் ஆக்கியது. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டுத் திரி கொளுத்திய சிக்கன விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். சவர்க்காரம் அரிதானபோது பனம்பழக் களி துணி வெளுத்தது. இவற்றுள் எதையும் அம்மக்கள் போலி என்று சொன்னதில்லை.

அவர்கள் வெறுப்போடு சொல்லும் சொல் வேறு, அது ‘கள்ள’. களவோடு உறவுடைய இந்த அடைமொழி, போலியைவிடக் கடுமையானதும் சட்டத்தோடு நெருக்கமானதுமாகும். கள்ளத்தோணி என்பதில் தோணி மெய்யான தோணியே, வந்த வழிதான் களவு. மலையகத் தமிழரை இழிவுபடுத்தும் வசையாகவும் அச்சொல் நெடுங்காலம் எறியப்பட்டது. கள்ள வோட்டில் வாக்குச்சீட்டு மெய், போட்டவர் பொய். ஆனால் கள்ளக் காசில் பொருளே பொய். இம்மூன்றுக்கும் ஆங்கிலம் மூன்று தனிச்சொற்களைத் தேட, தமிழ் ஒரே அடைமொழியால் முடித்துக்கொள்கிறது. சிக்கனம் என்று இதைப் பாராட்டலாம், துல்லியக் குறைவு என்று குறையும் சொல்லலாம்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் காணிகளைப் பற்றிய கவலையோடு வடக்கில் அடிக்கடி கேட்கும் ‘கள்ள உறுதி’ இதில் இன்னும் நுட்பமானது. காணி உரிமையை மாற்றும் ஆவணம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு கையொப்பமிடப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. முத்திரையும் தாளும் சாட்சிகளும் மெய்யாக இருந்து, உரிமையாளர் என்று வந்து கையொப்பமிட்டவர் மட்டும் வேறொருவராக இருந்தாலும் உறுதி கள்ள உறுதியே. அதேவேளை நொத்தாரிசு அந்த உறுதிக்கு ஒரு ‘டுப்ளிகேட்’ ஆயத்தம் செய்து காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். கடைவீதியில் போலிச் சரக்கென்று ஒதுக்கப்படும் சொல், பதிவகத்தில் மூலத்துக்குத் துணைநிற்கும் இணைப்பிரதியின் பெயராக மதிப்போடு இருக்கிறது.

தீவுப்பகுதிக் கடலோடு தொடர்புடைய வலம்புரிச் சங்கு, இந்தச் சொல்லாராய்ச்சிக்கு மிகச் சிக்கலான சான்று. இலங்கையின் வடபகுதிக் கடலில் குளித்தெடுத்த சங்குகள் வளையலாக அறுக்கப்படுவதற்கு வங்காளத்துக்கு நெடுங்காலம் ஏற்றுமதியாயின. கூம்பிய சுருள்முனை கீழே இருக்குமாறு பிடித்து வாயை எதிர்நோக்கினால், வழக்கமான சங்கின் வாய் இடப்புறமும் மிக அரிதான வலம்புரியின் வாய் வலப்புறமும் தோன்றும். இந்த அரும்பொருளின் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிக்கோ வளைகுடாவிலும் வாழும் வேறோர் இனத்துச் சிப்பி. அந்த இனத்தில் ஏறத்தாழ எல்லாமே அப்படிப் புரிபவை என்பதால் அங்கே அது அரிதன்று. வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவினால் உண்மைச் சங்கில் மூன்று நான்கு வரம்புகள் விரலில் தட்டும், அமெரிக்கச் சிப்பியிலோ அந்த வரம்புகள் இரா, எடையும் குறைவு.

எவரும் வார்க்காமல், செதுக்காமல், கடலிலே தானாக வளர்ந்த அந்தச் சிப்பியைப் பார்த்துப் போலி என்று சொல்வது அதற்குச் செய்யும் அநீதி. வலம்புரி என்று விற்பவரின் வாய்ச்சொல்தான் அதைப் போலியாக்குகிறது. ஒருவரின் சரக்கை மற்றொருவருடையது என்று தோன்றச் செய்து விற்கும் தவறை ஆங்கிலச் சட்டத்தில் ‘பாசிங் ஆஃப்’ என்பர். நல்லது என்று கடத்திவிடுதல் என அதைத் தமிழில் விளக்கலாம். கிழிந்த தாளைச் சில்லறைக்குள் மறைத்துக் கடத்திவிடும் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு அச்சொல்லின் சுவை உடனே பிடிபடும்.

ஒல்லாந்தர் தீவுகளுக்கு இட்ட பெயர்களில் நெடுந்தீவுக்குரிய டெல்ஃப்ட் மட்டும் பிரதேச செயலகப் பெயராக ஆங்கில வழக்கில் இன்றும் உயிரோடு இருக்க, மற்றவை பெரும்பாலும் பழைய வரைபடங்களோடு நின்றுவிட்டன. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று றொட்டர்டாமுக்குப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்பவருக்கு, அனலைதீவுக்குப் படகு விடுபவர்கூட விடை சொல்ல மாட்டார்.