ஒரு கையில் வாள், இன்னொரு கையில் என்ன?

டேபிள்டாப் ஆர்பிஜி விளையாடுறவங்கள்ல பாதிப் பேருக்காவது ஒரு கட்டத்தில் இந்த ஆசை வரும். கேடயம் வேண்டாம், ரெண்டாவது கத்தி வேண்டாம், ரெண்டு கையாலும் தூக்கும் பெரிய வாளும் வேண்டாம். ஒரே வாள், ஒரே கை. கற்பனையில் பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். ஆனா டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்புத்தகத்தைத் திறந்து கணக்குப் போட்டால் அந்த அழகுக்குப் பத்து பைசா மதிப்பு கிடையாது. ஏன் அப்படி, அதை எப்படிச் சரி பண்ணலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

விளையாட்டே தெரியாதவங்களுக்கு ஒரு வரி: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடுவோம், ஒருத்தர் கதையை நடத்துவார், சண்டை வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவோம். உருட்டிய எண்ணோடு பாத்திரத்தின் திறமையைக் கூட்டி, அது எதிராளியின் ஆர்மர் கிளாஸை எட்டினால் அடி விழும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் தொடங்கி வச்சது. ஓசூரில் நாங்க விளையாடுறது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. எல்லாருக்கும் ஷிஃப்ட் ஒத்து வர்ற ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆட்டம். மேசையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஓடும்.

சரி, கணக்கு. நீளவாளை ஒரு கையில் பிடித்தால் எட்டு முகப் பகடை, சராசரி 4.5. ரெண்டு கைப் பெருவாளுக்கு ஆறு முகப் பகடை ரெண்டு, சராசரி 7. ஒரு கைக்காரனுக்காகவே டூயலிங் என்று ஒரு சண்டைப் பாணி இருக்கு. ஒரு கையில் ஆயுதம், வேறு ஆயுதம் இல்லை என்றால் சேதத்தில் 2 கூடும். ஆக 6.5. பரவாயில்லையே என்று தோணும். சிக்கல் என்னன்னா, விதிப்படி கேடயம் ஆயுதம் இல்லை. அதனால் இடது கையில் கேடயத்தை மாட்டிக்கிட்டவனுக்கும் அதே 6.5 கிடைக்கும், கூடவே ஆர்மர் கிளாஸில் 2. உங்களைத் தொட 11 உருட்ட வேண்டியிருந்த எதிராளி இப்போ 13 உருட்டணும். பத்து அடி விழுற இடத்தில் எட்டுதான் விழும். கையைச் சும்மா தொங்கவிட்டவனுக்கு? ஒண்ணுமில்லை.

இது விதி எழுதினவங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 1989இல் வந்த கம்ப்ளீட் ஃபைட்டர்ஸ் ஹேண்ட்புக்கில் ஒற்றை ஆயுதப் பாணிக்குத் தனி இடம் இருந்தது. ஒரு ஸ்லாட் செலவழிச்சா தற்காப்பில் 1, ரெண்டு செலவழிச்சா 2. அந்தப் பதிப்பில் சாதாரணக் கேடயம் தந்ததே 1தான், அதனால் தாராளமான விதி என்றே சொல்லலாம். ஆனா எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. கை ஏன் காலியா இருக்கு என்ற கேள்விக்கு அது ஒரு எண்ணைக் கொடுத்து வாயை அடைக்குது.

எங்க பக்கத்து நடுகற்களைப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் தெளிவாகும். கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் வட்டாரம் முழுக்க இந்தக் கற்கள் கிடக்கு. மாடு கவரும் சண்டையிலோ, கவர்ந்த மாட்டை மீட்கும் சண்டையிலோ செத்த வீரனுக்கு நட்டவை நிறைய. பல ஊர்களில் வேடியப்பன் என்று இன்னிக்கும் கும்பிடுறாங்க. எல்லை தாண்டினால் அதே மாதிரிக் கல்லுக்கு வீரகல்லு என்று பேர். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் சிலதைக் கிட்ட நின்னே பார்க்கலாம்.

போனால் வீரனோட முகத்தை விட்டுடுங்க, கையைப் பாருங்க. வலது கையில் குறுவாளோ வாளோ இருக்கும். இடது கை? பெரும்பாலும் வில்லைப் பிடிச்சிருக்கும், சிலதில் கேடயம். புலியோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு வச்ச புலிகுத்திக் கற்களில் சிலது, ஒரு கை மிருகத்தைத் தடுக்க மறு கை குத்துற மாதிரி இருக்கும். அந்த வில்லை நான் இப்படிப் படிக்கிறேன்: தூரத்திலிருந்து அம்பு விட்டவன், ஆள் நெருங்கினதும் வாளை உருவிட்டான். வில்லைக் கீழே போட நேரமில்லை, போடவும் மனசில்லை. ஆக அவன் அடிக்கிறது ஒரே ஆயுதத்தால்தான், ஆனா இடது கை காலியா இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கல்வீரனை அப்படியே நம்ம மேசைக்குக் கொண்டு வந்தால் டூயலிங் போனஸ் கிடைக்கிறதே சந்தேகம். வில்லும் ஆயுதம்தானே என்று கதை நடத்துறவர் கைவிரிச்சா முடிஞ்சது.

ஐரோப்பாவிலும் நிலைமை இதுவேதான். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ரேப்பியர் வாள்காரர்கள் இடது கையில் குத்துவாள் வைத்தார்கள், போர்வையைச் சுற்றிக்கொண்டார்கள், ரெண்டும் இல்லாவிட்டால் எதிராளியின் வாளை வெறுங்கையால் தட்டிவிட்டார்கள். சும்மா தொங்கின கை எங்கேயும் கிடையாது.

ஐந்தாம் பதிப்பிலும் காலிக் கைக்கு ஒரு வேலை இருக்கு, பலரும் கவனிக்கிறதில்லை. எதிராளியைப் பிடிக்க ஒரு கை காலியா இருக்கணும். பிடிபட்டவனோட வேகம் பூஜ்யம். அடுத்த அடிக்குப் பதிலா அவனைத் தள்ளி விழ வச்சா, வேகம் இல்லாததால் எழுந்திருக்கவே முடியாது. விழுந்து கிடக்கிறவனைப் பக்கத்தில் நின்னு அடிக்கிற எல்லாருக்கும் ரெண்டு பகடை உருட்டி பெரியதை எடுத்துக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு முக்கால் ஆகிடும். கேடயக்காரனால் வாளையோ கேடயத்தையோ விடாமல் இதைச் செய்ய முடியாது. பாத்ஃபைண்டர் ரெண்டாம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே. 2019இல் வந்த அந்தப் புத்தகத்தில் வெட்டிக்கிட்டே பிடிக்கிறது, காலிக் கையால் எதிராளியைத் தடுமாற வைக்கிறது, வாளாலேயே தடுத்து கேடயத்துக்குச் சமமா 2 வாங்குறது என்று ஒரு கை காலியா இருந்தால் மட்டும் வேலை செய்யும் வித்தைகளே வரிசையா இருக்கு.

இதெல்லாம் எங்க மேசையில் வெறும் ஏட்டுக் கணக்கா இருக்கலை. எங்க குழுவில் ஒரு அண்ணனுக்கு இடது கையில் மூணு விரல் இல்லை. பவர் பிரஸ்ஸில் ரெண்டு கையாலும் ரெண்டு பட்டனை அழுத்தினால்தான் அச்சு இறங்கணும், ரெண்டு கையும் வெளியில் இருக்கணும் என்பதுதான் அந்த ஏற்பாடு. அவர் முன்னாடி வேலை பார்த்த பட்டறையில் உற்பத்தி வேகத்துக்காக ஒரு பட்டனை அடைச்சு வச்சிருந்தாங்க. அவர் தன் பாத்திரத்துக்கும் அதே கை வேணும்னார். பரிதாபத்துக்காக போனஸ் எதுவும் வேண்டாம், விதி என்ன சொல்லுதோ அதைச் சொல்லுங்கன்னார்.

விதியைப் பார்த்தால் கேடயத்தைக் கையில் பிடிக்கணும், எதிராளியைப் பிடிக்கவும் கை வேணும். ரெண்டும் அவருக்கு இல்லை. முன்கையில் வாரால் கட்டிக்கிற கேடயம் வரலாற்றில் உண்டு, அதைத் தர்றோம்னு சொன்னோம். "கேடயத்துக்குப் பின்னாடி நின்னா என் கை யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அப்போ எங்க கன்னடக்காரர்தான் கண்டுபிடிச்சார்: "குரு, தள்ளுறதுக்குக் கை காலியா இருக்கணும்னு எங்கேயும் போடலையே." உண்மைதான். பிடிக்கத்தான் அந்த நிபந்தனை, தள்ள இல்லை. முழங்கையால், தோளால் தள்ளலாம். ஐந்தாம் நிலைப் போர்வீரனுக்கு ஒரு முறைக்கு ரெண்டு அடி: ஒண்ணில் தள்ளி விழ வச்சு, அடுத்ததில் வாள். பிடிக்காததால் விழுந்தவன் அவன் முறை வந்ததும் பாதி வேகத்தைச் செலவழிச்சு எழுந்துடுவான். அதுக்குள்ள பக்கத்தில் நிற்கிற எல்லாரும் ஒரு அடி போட்டுக்கலாம்.

நிஜத்தில் இது நடக்குமான்னு கேட்கிறவங்களுக்கு கோட்ஸ் வான் பெர்லிகிங்கன். ஜெர்மானியப் போர்வீரர், 1504இல் லாண்ட்ஷூட் முற்றுகையில் பீரங்கிக் குண்டில் ஒரு கையை இழந்தவர். இரும்புக் கை செய்து மாட்டிக்கிட்டு அதுக்கப்புறமும் பல பத்தாண்டுகள் சண்டை போட்டு, 1562இல்தான் இறந்தார்.

எங்க மேசையில் கடைசியா ஒரு சொந்த விதி சேர்த்தோம், எல்லாருக்கும் பொதுவா. ஒரு கை ஆயுதம் ஒண்ணு, கேடயம் இல்லை, ரெண்டாவது ஆயுதம் இல்லை. பக்கத்தில் நிற்கிற எதிராளியோட அடி உங்க மேல் தவறினால், உங்க ரியாக்ஷனைச் செலவழிச்சு அவனைத் தள்ளலாம், கை இருந்தால் பிடிக்கலாம். ஒரு சுற்றுக்கு ஒரு ரியாக்ஷன்தான், அதனால் ரொம்ப மிஞ்சாது. தற்காப்பு எண்ணில் கேடயக்காரன் இன்னமும் மேலேதான், எங்க கேடயக்காரரும் கேடயத்தைக் கீழே வைக்கலை. வில்லைக் கையில் வச்சிருந்தாலும் அதால் அடிக்காத வரை இந்த விதி செல்லும் என்று சேர்த்தது என் பிடிவாதம், வேடியப்பனுக்காக.

மூணு ஆட்டம் ஆச்சு. போன முறை மரப்பாலத்தில் ஒரு ஓக்ரேயை அண்ணன் தோளால் தள்ளினார், பகடையில் 19. அது ஆற்றில் விழுந்ததா, பாலத்திலேயே விழுந்ததா என்ற சண்டை இன்னும் வாட்ஸ்அப்பில் ஓடிக்கிட்டிருக்கு.