மூணு பெக்தான் என்று நினைத்தேன்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை. மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போகக் கார் சாவியைத் தேடினேன். வழக்கமாக மாட்டும் இடத்தில் இல்லை. மனைவி கோட் போட்டுக்கொண்டு, சாவியோடு வாசலில் நின்றாள். "நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க தூங்குங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது.

முந்தின நாள் இரவு ஸ்கார்பரோவில் நண்பர் வீட்டு பேஸ்மென்டில் வழக்கமான கூட்டம். 'மூணு பெக்தானே?' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று காலை என்னை நம்பிப் பிள்ளையை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

நான் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். 'லாக் இல்லாமல் எந்தப் பிரச்சினையையும் கண்டுபிடிக்க முடியாது' என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். என் குடிக்கு மட்டும் என்னிடம் லாக் கிடையாது. அன்று மாலை, வழக்கமாக ஊற்றும் அளவு விஸ்கியைக் கிளாஸில் ஊற்றி, சமையலறை அளவுக் குவளையில் கவிழ்த்துப் பார்த்தேன். 90 மில்லி!

கனடாவில் 'ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பது 40 சதவீத விஸ்கியில் 43 மில்லி. 5 சதவீத பீரில் 341 மில்லி. ஆக, என் ஒரு பெக் இரண்டு டிரிங்குக்கும் மேல். மூணு பெக் என்றால் ஆறைத் தாண்டுகிறது. நம்ம ஊர் குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதச் சரக்கு என்றால் அது நாலரை டிரிங்க். இங்கே கடையில் வாங்கும் 473 மில்லி பீர் கேனும் ஒன்றல்ல, கிட்டத்தட்ட 1.4.

ஒரு வாரம் ஒளிக்காமல் எழுதினேன். 11 கிளாஸ், அதாவது 23 டிரிங்க். 2023 ஜனவரியில் வெளியான கனடா வழிகாட்டுதல்படி வாரத்துக்கு 2 வரை ஆபத்து குறைவு. 3 முதல் 6 வரை மிதமான ஆபத்து. 7-லிருந்து ஒவ்வொரு டிரிங்குக்கும் ஆபத்து வேகமாக ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விகளுக்கும் பதில் எழுதினேன். மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே எச்சரிக்கை. எனக்கு 14.

நம் சமூகத்தில் இரண்டே பெட்டிகள்தான். ஒன்று, 'சும்மா கம்பெனிக்குக் குடிக்கிறவன்'. இன்னொன்று, 'குடிகாரன்'. ரெண்டாவது பெட்டியில் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் யாரும் எண்ணுவதே இல்லை. ஆனால் நம்மில் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறோம்.

ரோட்டில் விழுந்து கிடந்தால்தான் ஒருவன் திருந்துவான், மருத்துவமனையில் சேர்த்தால்தான் குடியை விடுவான் என்றும் நம்புகிறோம். ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. லிண்டா சோபெல், மார்க் சோபெல் தம்பதி டொரோண்டோவில் பல வருஷம் இதை ஆராய்ந்தவர்கள். கனடாவில் நடந்த இரண்டு கணக்கெடுப்புகளை வைத்து இவர்களும் சக ஆய்வாளர் ஒருவரும் 1996-ல் வெளியிட்ட முடிவு இது: குடிப் பிரச்சினையிலிருந்து மீண்டு ஓராண்டுக்கு மேல் ஆனவர்களில் முக்கால்வாசிக்கும் அதிகமானோர் எந்தச் சிகிச்சைக்கும் போகாதவர்கள். பலர் அடியோடு நிறுத்தினார்கள். கணிசமான பேர் அளவைக் குறைத்தார்கள். இப்படி மீண்டவர்களை அவர்கள் தனியாகப் பேட்டி கண்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னது பெரிய விபத்தையோ அவமானத்தையோ அல்ல. குடியால் வருவதையும் போவதையும் மனதில் கூட்டிக் கழித்துப் பார்த்ததைத்தான்.

சூழலுக்கும் பங்கு உண்டு. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை 1970-களில் ஆராய்ந்தார் லீ ராபின்ஸ். ஊர் திரும்பிய பிறகு பெரும்பாலோர் மறுபடி அடிமையாகவில்லை. அதிலும் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர்கள்.

எனக்கு அந்தச் சூழல் வெள்ளிக்கிழமை பேஸ்மென்ட். நண்பர்களை விடவில்லை, நேரத்தை மாற்றினேன். சனிக்கிழமை மதியம் பேட்மின்டன். "என்ன மச்சான், சாமியாராயிட்டியா?" என்று கேட்டார்கள். நாலாவது வாரம் அதில் ஒருத்தன் ராக்கெட்டோடு வந்தான். 23 என்பது 15 ஆச்சு, 8 ஆச்சு. மதுரையில் மச்சினன் கல்யாணத்துக்குப் போன வாரம் மறுபடி 19. அதையும் எழுதினேன். அழித்திருந்தால் என்னை நானே ஏமாற்றியிருப்பேன். இப்போது பல வாரங்களில் பூஜ்யம், சில வாரங்களில் 2.

ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. இதை அழுத்தியே சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், நடுக்கம் நிற்க ஒரு கிளாஸ் போடுபவர், இவர்கள் திடீரென நிறுத்தவே கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் ரோஷத்தில் ஒரே நாளில் நிறுத்தினார். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. நல்லவேளை, பிழைத்தார். பிறகு முறையான சிகிச்சை எடுத்து இன்று நன்றாக இருக்கிறார். தூக்க மாத்திரைப் பழக்கத்துக்கும் இதே எச்சரிக்கைதான். ஹெராயின் மாதிரி போதையில் ஆபத்து வேறு விதம்: கொஞ்ச நாள் விட்டபின் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது.

அதனால்தான் நானும் குறைப்பதற்கு முன் குடும்ப டாக்டரிடம் கேட்டேன். பத்து நிமிஷப் பேச்சுதான். ஒன்டாரியோவில் இருப்பவர்கள் 811-க்கு அழைத்தால் எந்நேரமும் நர்ஸிடம் கேட்கலாம். சிகிச்சை தேவைப்படுவது தோல்வி அல்ல. தனியாக மீண்டவன் பெரிய வீரனும் அல்ல. அவனுக்குப் பிரச்சினை முற்றுவதற்குள் கணக்கு கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் ஊற்றும் 'ஒரு பெக்'கை ஒரு தடவை அளந்து பாருங்கள். ஏழு நாள் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். அந்த எண்ணைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் கார் சாவி இப்போது பழைய இடத்திலேயே தொங்குகிறது. சனிக்கிழமை காலை தமிழ் வகுப்புக்கு நான்தான் கூட்டிப்போகிறேன்.