பயிற்சிக் கூடத்திலிருந்து அங்கன்வாடிக்கு

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. கர்நாடகத்தில் அது முதலில் காலூன்றிய இடம் மைசூர் மாவட்டத்துத் தி. நரசிப்புரமாகும். அன்று முதல் திட்டத்தின் பெரும் பளு அங்கன்வாடிப் பணியாளரின் தோளிலேயே இருந்து வருகிறது. அவருக்கென வகுக்கப்பட்ட பயிற்சி தொடக்கத்தில் மாதக் கணக்கில் நீடித்தது. பின்னர் அது 26 வேலை நாட்களாகவும், மறுபயிற்சி 5 வேலை நாட்களாகவும் அமைக்கப்பட்டன. இப்பயிற்சி பணிக்களத்தில் பலன் தருகிறதா என்பதை எவ்வாறு அறிவது?

பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கையும் செலவிட்ட தொகையும் அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. அவை பயிற்சி நடந்தது என்பதற்கே சான்றாகும். அமெரிக்க அறிஞர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சி மதிப்பீட்டை நான்கு படிகளாக வகுத்தார்: பயிற்சி பெற்றவரின் மனநிறைவு, அவர் கற்றது, பணியில் அவர் நடந்துகொள்ளும் முறை, இறுதி விளைவு. முதல் இரண்டையும் வகுப்பறையிலேயே அளந்துவிடலாம். மூன்றாவதை அளக்க வேண்டுமாயின் ஊருக்குச் செல்ல வேண்டும். பெரும்பாலான மதிப்பீடுகள் வகுப்பறை வாயிலிலேயே நின்றுவிடுவதில் வியப்பில்லை.

எடை பார்த்தலை எடுத்துக்கொள்வோம். தராசின் முள்ளைச் சுழிக்குக் கொணர்தல், குழந்தையின் கனத்த ஆடையைக் களைதல், வயதை மாதக் கணக்கில் அறிதல், வரைபடத்தில் உரிய புள்ளியை இடுதல் ஆகிய யாவும் பயிற்சியில் கற்பிக்கப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் 2008-இல் இத்திட்டத்தில் ஏற்கப்பட்டபோது, ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனி வரைபடம் வந்தது. ஆனால் புள்ளியிடுவதோடு பணி முடிவதில்லை. ஒரு வயதுக் குழந்தையின் கோடு இரண்டு மாதங்களாக மேலேறாதிருப்பின், தாயிடம் உணவு குறித்தும் நோய் குறித்தும் வினவி வழிகாட்ட வேண்டும். அப்பருவத்தில் கைவிடப்பட்ட வளர்ச்சியைப் பின்னாளில் முழுமையாக ஈடுசெய்வது அரிது.

பெங்களூர் நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி ஓசூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள அத்திபெலே போன்ற ஊரில் இப்பணி மேலும் கடினமாகும். கன்னடம், தமிழ், தெலுங்கு பேசுவோர் அங்கு அருகருகே வாழ்கின்றனர். தொழிற்சாலை வேலையை நாடி வருவோர் வாடகை அறைகளில் தங்கி, சில மாதங்களில் இடம்பெயரவும் கூடும். சென்ற மாத எடை தெரியாத குழந்தைக்குக் கோடு வரைவது எங்ஙனம்? கன்னடத்தில் கற்ற அறிவுரையைத் தமிழ்த் தாயிடம் கூறுவது எப்படி? பயிற்சி நூலில் இவற்றுக்கு விடை இல்லையெனில், குறை பணியாளருடையதன்று.

1980-இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இங்கு நினைவுகூரத்தக்கது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு, எடை போதிய அளவு ஏறாதவர்களுக்கு மட்டும் 90 நாட்கள் இணை உணவு வழங்கினர். பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். பிற இடங்களில் ஒருவரே இருபது, இருபத்தைந்து மையங்களைக் கவனிக்கும் நிலை நிலவியது. அத்திட்டத்தில் கண்ட நற்பலனைப் பயிற்சிக்கு மட்டுமே உரியதெனக் கொள்ளுதல் தகாது; கற்றதை மாதந்தோறும் திருத்திக் கொடுக்க ஒருவர் அருகிலிருந்ததும் முக்கிய காரணம் எனலாம்.

ஆகவே மதிப்பீடு செய்யும் அலுவலர் பயிற்சிக்கு முன் ஒருமுறையும், அது முடிந்து ஆறு மாதங்களுக்குப் பின் மற்றொரு முறையும் மையத்துக்குச் செல்லுதல் நலம். முன்னறிவிப்பின்றிச் சில குழந்தைகளை மீண்டும் எடையிட்டுப் பதிவேட்டோடு ஒப்பிடலாம். பதிவேட்டில் பெரும்பாலான எடைகள் முழு கிலோவாகவோ அரை கிலோவாகவோ இருப்பின், அவை கணிப்பாக எழுதப்பட்டவையோ என ஐயுற இடமுண்டு. தராசு பழுதுபட்டிருந்தால் அதையும் குறிக்க வேண்டும். இல்லையேல் கருவியின் குறை பயிற்சியின் தோல்வியாகக் கணக்கிடப்படும். 2021 முதல் நடைமுறையிலுள்ள போஷன் டிராக்கர் செயலியில் எடையைப் பதிந்தால் குழந்தையின் நிலை தானே கணிக்கப்படுகிறது. தாயிடம் பேச வேண்டியவர் இன்றும் பணியாளரே. சென்ற மாதம் அங்கன்வாடியில் தம் குழந்தையைப் பற்றி என்ன கூறினார்கள் என்று நான்கைந்து தாய்மாரிடம் கேட்டறிவதற்கு அரை நாளே போதும்.