நோயாளியின் வீடு தேடிச் செல்லும் மருத்துவர்: கேரளத்தின் ஆதரவு சிகிச்சை செயல்படுவது எப்படி?

கோழிக்கோடு: குணப்படுத்த இயலாத நிலையை எட்டிய புற்றுநோயாளி, பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தவர், முதுகுத்தண்டு முறிந்து கால்கள் செயலிழந்தவர் ஆகியோரை மருத்துவமனைகள் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. ஆனால் அவர்களது வலியும் படுக்கைப் புண்ணும் மூச்சுத்திணறலும் வீட்டிலும் தொடர்கின்றன. இத்தகையோரின் இல்லங்களுக்கு மருத்துவரும் செவிலியரும் நேரில் சென்று அளிக்கும் சேவையே வீடுசார் ஆதரவு சிகிச்சை ஆகும். நாட்டிலேயே இச்சேவை மிக ஆழமாக வேரூன்றியுள்ள மாநிலம் கேரளம்.

தொடங்கியது எப்படி?

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகியோர் தன்னார்வலர்களுடன் இணைந்து 1993-ஆம் ஆண்டில் வலி மற்றும் ஆதரவு சிகிச்சைச் சங்கத்தை நிறுவினர். முதலில் புறநோயாளிகளுக்கு மட்டுமே சிகிச்சை அளிக்கப்பட்டது. ஆனால் வலி மிகுந்தவர்களால் பேருந்து ஏறி வர இயலவில்லை. உடன் வரும் குடும்பத்தினர் அன்றைய கூலியையும் இழக்க நேர்ந்தது. நோயாளி வர இயலாவிட்டால் சிகிச்சை அவரிடம் செல்ல வேண்டும் என்ற முடிவு இதிலிருந்தே பிறந்தது.

பின்னர் மலப்புரம் உள்ளிட்ட வட மாவட்டங்களில், அக்கம்பக்கத்தில் உள்ளோரே பயிற்சி பெற்று நோயாளிகளைக் கண்டறிந்து, நிதி திரட்டி, மருத்துவக் குழுவை அழைத்துச் செல்லும் முறை உருவானது. 2008-ஆம் ஆண்டில் கேரள அரசு, ஆதரவு சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. இந்தியாவில் ஒரு மாநிலம் இவ்வாறு கொள்கை வகுத்தது அதுவே முதல் முறை. அதன்பின் உள்ளாட்சி அமைப்புகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இப்பணியில் இணைக்கப்பட்டன.

ஒரு வருகையின்போது நடப்பது என்ன?

எல்லா வீடுகளுக்கும் மருத்துவரே ஒவ்வொரு முறையும் செல்வதில்லை. பயிற்சி பெற்ற செவிலியர், தன்னார்வலர் ஆகியோர் அடங்கிய குழுவே முறைவைத்துச் செல்கிறது. வலி கட்டுக்குள் வராதவர்கள், புதிய அறிகுறிகள் தோன்றியவர்கள் ஆகியோரை மருத்துவர் நேரில் பார்க்கிறார்.

புறநோயாளிப் பிரிவில் சில நிமிடங்களில் முடியும் பரிசோதனை இங்கு நீண்ட நேரம் நடைபெறும். வலியின் அளவை 0 முதல் 10 வரையிலான எண்ணால் குறிப்பிடுமாறு நோயாளியிடம் கேட்கப்படும். உறக்கம், பசி, மலச்சிக்கல் ஆகியவை விசாரிக்கப்படும். வாய்ப்புண் உள்ளதா, முதுகிலும் குதிகாலிலும் தோல் சிவந்துள்ளதா என்று பார்க்கப்படும். சிறுநீர்க் குழாய் மாற்றப்பட்டு, புண்ணுக்குக் கட்டுப் போடப்படும்.

குடும்பத்தினருக்குக் கற்பிப்பதும் இதே அளவுக்கு முக்கியமானது. படுத்திருப்பவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, புண்ணைத் தூய்மை செய்வது, உணவு புரையேறாமல் ஊட்டுவது ஆகியவை செய்து காட்டப்படும். கட்டில் இருக்கும் இடம், கழிப்பறையின் தொலைவு, வீட்டில் அரிசி இருக்கிறதா என்பன போன்றவற்றை நேரில் சென்றவர்களால் மட்டுமே அறிய முடியும்.

மார்பின் ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்பின் மாத்திரை விலை குறைந்த, பயனுள்ள மருந்து. சாதாரண மாத்திரையின் விளைவு சுமார் 4 மணி நேரமே நீடிப்பதால், வலி திரும்பும் வரை காத்திராமல் நேரம் தவறாது உட்கொள்ள வேண்டும். மலச்சிக்கல் ஏற்படும் என்பதால் மலமிளக்கியும் உடன் வழங்கப்படும். மருத்துவர் கண்காணிப்பில் வலிக்காக உட்கொள்வோர் அதற்கு அடிமையாவது அரிது.

அபினியைச் சட்டபூர்வமாக விளைவிக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆயினும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மருத்துவப் பயன்பாட்டையும் முடக்கியது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபட்டன; பல உரிமங்கள் தேவைப்பட்டன. தண்டனைக்கு அஞ்சி மருந்தகங்கள் மார்பினை இருப்பு வைப்பதையே தவிர்த்தன. 2014-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மார்பின் உள்ளிட்டவற்றை 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என வகைப்படுத்தியது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் நாடெங்கும் ஒரே விதியின்கீழ் அவற்றைப் பெற வழி ஏற்பட்டது.

காணொலி ஆலோசனை போதாதா?

மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், போதை மருந்துகளைத் தொலைவிலிருந்து பரிந்துரைக்கத் தடை விதித்தன. எனவே மார்பின் தேவைப்படும் நோயாளியை மருத்துவர் நேரில் காண வேண்டியுள்ளது. தொலைபேசி, இரு வருகைகளுக்கு இடையே நிலைமையை விசாரிக்கத் துணைபுரியும், வருகைக்கு மாற்றாகாது.

பிற மாநிலங்களில் நிலை என்ன?

தேசிய ஆதரவு சிகிச்சைத் திட்டம் 2012-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் நலவாழ்வு மையங்கள் வழங்க வேண்டிய 12 வகைச் சேவைகளிலும் முதியோர் மற்றும் ஆதரவு சிகிச்சை இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இச்சேவையை உள்ளடக்கியது. எனினும் மார்பின் வழங்கப் பயிற்சி பெற்ற மருத்துவரும் அங்கீகாரம் பெற்ற நிறுவனமும் அருகில் இல்லாத இடங்களில், திட்டம் இருந்தும் வலி தணிவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் கேரளத்தில் 12.6 சதவீதம், நாடு முழுவதும் 8.6 சதவீதம். கேரளம் முன்னதாகவே எதிர்கொண்ட தேவையைப் பிற மாநிலங்களும் எதிர்கொள்ள உள்ளன.

குடும்பத்தினர் செய்ய வேண்டியது

ஆதரவு சிகிச்சை இறுதி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. நோய் கண்டறியப்பட்ட காலம் முதலே பிற சிகிச்சையுடன் சேர்த்து இதனைப் பெறலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன், வலி கூடினால் யாரை அழைப்பது, மார்பின் எங்கு கிடைக்கும், வீட்டுக்கு வரும் குழு உள்ளதா என்ற மூன்று கேள்விகளையும் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கேட்டு, விடையை எழுதி வாங்கிக்கொள்வது நலம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆஷா பணியாளரிடமும் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யக் கோரலாம்.