உங்களுக்குத் தெரியுமா?

கோலசிலாங்கூர் செம்பனைத் தோட்டங்களில் மரத்தோடு ஒட்டியிருக்கும் வெளுத்த பாசி, காய்ந்து செத்தது போலத் தெரிந்தாலும் உயிரோடுதான் இருக்கிறது!

• பெயர் ஆக்டோபிளெஃபாரம் ஆல்பிடம். வெட்டிய மட்டைகளின் அடியிலும் மட்கிய கட்டைகளிலும் மெத்தென்று படரும்.

• இலையின் பெரும்பகுதி வெறுங்கூடான செத்த செல்கள். பச்சையச் செல்கள் அவற்றின் நடுவே ஒளிந்திருக்கும். அதனால்தான் அந்த வெளிர்நிறம். மழைநீரைப் பிடித்து வைப்பதும் இந்த வெற்றுச் செல்களே. என்ன அருமையான ஏற்பாடு!

• இனம் காண உறுதியான வழி: மூடி கழன்ற வித்துப்பையின் வாயை லென்ஸில் பாருங்கள். 8 பற்கள் இருக்கும். பல பாசிகளுக்கு 16.

• கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் பசுமை தெரியும். பாருங்கள், சுரண்டி எடுக்க வேண்டாம்.