விளியும் வேட்டை நாயும்

தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தில் விளிமரபு என ஓர் இயலே வகுத்தார். இகரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது ஈகாரமாகும். தொலைவில் நிற்பாரை அழைக்குங்கால் ஒலி தன் மாத்திரையைக் கடந்து நீளும். இவ்விதிகளை நெடுங்காலமாக மாணவர்க்குக் கற்பித்து வருகிறேன். ஆயினும், விளிக்கப்பட்டவர் வராவிடின் யாது செய்வது என்பதை எந்தச் சூத்திரமும் எனக்குச் சொன்னதில்லை. அதனை அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து முற்றத்தில், ஒரு நாய்க்குட்டியைக் கொண்டு கற்றுக்கொண்டேன்.

நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைப் பெயர் குருளை என்பது மரபியல். லயத்தில் போய்க் 'குருளை' என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனவே, குட்டி என்றே இருக்கட்டும்.

தைப்பொங்கலை ஒட்டி என் பழைய மாணவன் ஒருவனுடைய வீட்டிற்குச் சென்றிருந்தேன். லயத்தின் பின்புறத்தில் அவனுக்குச் சிறிய உருளைக்கிழங்குத் தோட்டம் உண்டு. அதற்கப்பால் தேயிலை, அதற்கும் அப்பால் காடு. இரவில் காட்டுப்பன்றிகள் இறங்கிக் கிழங்கைக் கிளறிவிடும். அவற்றை விரட்டுவதற்காக வேட்டை நாயின் வழியில் வந்த குட்டியொன்றை வளர்த்தான். ஆறு மாதம் நிரம்பியது, பெயர் மணி.

அன்று மாலை பனிமூட்டம் இறங்கும் வேளையில் மணி எதையோ மோப்பம் பிடித்துக் காட்டை நோக்கிப் பாய்ந்தது. "மணீ! மணீ!" என்று அவன் கூவினான். இலக்கணம் பிழையாத விளிதான்; நாய்தான் வரவில்லை. அரைமணி நேரம் கழித்து அது வாலை ஒடுக்கிக்கொண்டு வந்தது. அவன் தேயிலைக் குச்சியொன்றை எடுத்து இரண்டடி வைத்தான்.

திண்ணையிலிருந்த முதியவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "தம்பி, நாய் எதுக்கு அடிவாங்குச்சு?"

"ஓடிப்போனதுக்குத்தான் தாத்தா."

"அது ஒனக்குத் தெரியும். நாய்க்குத் தெரியாதே! கூப்பிட்டே, வந்துச்சு, அடிச்சே. அடுத்த தடவை எப்படி வரும்?"

அம்முதியவர் சிறுவராயிருந்தபோது துரை பங்களாவில் நாய் பார்த்தவர். அவர் கேட்ட கேள்விக்கு என் மாணவனிடம் விடையில்லை. உண்மையைச் சொன்னால், என்னிடமும் இல்லை.

மலைநாட்டில் நாய் அழைப்புக்கு வராமற் போவது சிறு செய்தியன்று. காட்டோரங்களில் பன்றிக்கென வைக்கும் கம்பிச் சுருக்கு, கால் வைப்பது பன்றியா பிறிதா என்று பார்ப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அத்தகைய சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, சில நாள்களுக்குள் இறந்துபோனது. சிறுத்தைக்கே அக்கதி என்றால் ஆறுமாத நாய்க்கு என்ன கதி? சிறுத்தையின் வாய்க்கு நாயே எளிய இரை என்பதும் தோட்டத்தார் அறிந்ததே.

இவ்விடர் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1848இல் நுவரெலியாவில் குடியேறி 1855 வரை வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், பெரியதொரு வேட்டை நாய்க் கூட்டம் வைத்திருந்தார். பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் ஆல்பர்ட் ஏரிக்குப் பெயரிட்டுப் புகழ்பெற்றவர் அவரே. ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரால் வழங்குவது. மரைகளைத் துரத்திக் காட்டிற் சிதறிய நாய்களை அவர் கொம்பூதி அழைப்பார். எனினும் மரையின் கொம்புக்கும் பன்றியின் கோரைப்பல்லுக்கும் சிறுத்தைக்கும் அவர் இழந்த நாய்கள் பல. தம் நூல்களில் அவரே அவற்றை எழுதியிருக்கிறார். இன்று அச்சமவெளி தேசியப் பூங்கா. மரை சட்டத்தின் காவலில் வாழ்கிறது. வேட்டை ஒழிந்தது, நாயின் குருதியிலுள்ள வேட்டை ஒழியவில்லை. விளித்தல் என்றால் அழைத்தல். விளிதல் என்றால் இறத்தல். இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு நொடிதான் என்பதைக் காட்டோரத்தில் நின்றபோது உணர்ந்தேன்.

மறுநாள் முதல் முதியவரே ஆசிரியரானார். நாய் பசித்திருக்கும் நேரத்தில், இரண்டடித் தொலைவிலிருந்து, பெயரை ஒரே முறை, ஒரே குரலில் சொல்லச் சொன்னார். வந்தவுடன் ரொட்டித் துண்டும் ஒரு தடவலும். பிறகு முற்றத்தின் நீளம்; பிறகு தேயிலை நிரை. கழுத்தில் இருபது முழக் கயிறு எப்போதும் இருந்தது. ஒரு முறை அழைத்து வராவிடின் மறுமுறை கூவலாகாது. கயிற்றை மெல்ல இழுத்து, தானாக வந்ததுபோலவே பாராட்ட வேண்டும். "பத்துத் தடவை கத்தினா, ஒம்போது தடவைக்கு அர்த்தமில்லேன்னு நாய் படிச்சுக்கிரும்" என்றார்.

ஓடும் நாயைத் துரத்துதலும் ஆகாது. துரத்தினால் அதற்கு அது விளையாட்டு. நாம் எதிர்த்திசையில் ஓடினால் அது நம்மைத் துரத்தும். வந்த நாயை உடனே கட்டிவைப்பதும் ஆகாது. அழைப்பின் முடிவு எப்போதும் சங்கிலியாயின் அழைப்பே சங்கிலியாகிவிடும். எனவே, வந்ததைத் தடவி மறுபடி விளையாட விட வேண்டும். சில நாளில் பெயருக்குப் பதிலாக ஊதுகுழலைப் பழக்கினார். பனியிலும் காற்றிலும் குரல் கரைந்துபோகும், ஊதல் எட்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் சொன்னார்: "ஊதல்ல கோவம் தெரியாது ஐயா."

நாலடியாரில் ஒரு செய்தி உண்டு. யானை பழகிய பாகனையே கொல்லும். நாயோ, எறிந்த வேல் தன் உடம்பில் நிற்கவும் வாலாட்டும் என்பது அது. நட்புக்கு உவமையாக அதனைப் பலமுறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அடிபட்ட மணியும் வாலை ஆட்டத்தான் செய்தது. ஆனால், வாலாட்டுவது வேறு, அழைத்தபோது வருவது வேறு. முன்னது நாயின் பெருந்தன்மை. பின்னது நம் கைக்குள்ள நற்பெயர். முன்னதை நம்பிப் பின்னதை நாம் செலவழித்துவிடுகிறோம்.

இவ்வெண்ணம் வந்ததும் வேறொரு முகம் என் கண்முன் நின்றது. பிரம்பு வழக்கிலிருந்த காலம். லயத்துப் பையன் ஒருவன் பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டிற்கு ஆளனுப்பினேன். மறுநாள் வந்தான். வகுப்பின் முன்னே நிறுத்திக் காரணம் கேட்டேன், சொல்ல நாணி நின்றான், அடித்தேன். அதன் பிறகு அவன் வரவேயில்லை. வராத நாள்களுக்காகத் தண்டித்தேன் என்று பல்லாண்டு எண்ணியிருந்தேன். வராத பத்து நாளும் அவன் அடிவாங்கவில்லை. வந்த ஒரு நாளில்தான் வாங்கினான். கொழுந்துக்குச் சென்ற தாய் நோயுற்றுக் கிடந்தாள் என்பதைப் பிந்தியே அறிந்தேன்.

சித்திரை விடுமுறையில் மறுபடி அங்குச் சென்றேன். அந்தியில் காட்டோரம் சருகு முறிந்தது. கயிறில்லாத மணி பாய்ந்தது. என் மாணவன் ஒரே முறை ஊதினான். பிறகு மௌனம். மறுமுறை ஊதுவதற்கு அவன் கை எழுந்ததையும், முதியவர் அதனைப் பற்றித் தாழ்த்தியதையும் பார்த்தேன். நெடுநேரம் போலத் தோன்றிய சிறுபொழுதுக்குப் பின், பனிக்குள்ளிருந்து சேறும் முள்ளுமாக மணி வந்தது. அவன் ஒன்றும் பேசாமல் ரொட்டியை நீட்டினான்.

விடுமுறை கழிந்து கல்லூரி திறந்த அன்று, மணியடித்து நெடுநேரத்துக்குப் பின் ஒரு மாணவன் வகுப்பு வாயிலில் வந்து நின்றான். என் கையைப் பார்த்தான். "வா" என்றேன். காரணத்தைப் பாடம் முடிந்த பிறகு கேட்டுக்கொண்டேன்.