தண்ணி காட்டாதீங்க பாஸ்!

ஒரு கொலையை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். செத்துப்போனது, பிறந்தநாளுக்கு ஃப்ரெண்ட்ஸ் காசு போட்டு வாங்கித் தந்த எச்சிவேரியா. ரோஜாவைக் கல்லுல செதுக்கின மாதிரி இருக்குமே, அந்தச் செடி! ஆயுதம்..? தினமும் காலையில ஒரு டம்ளர் தண்ணி. மூணாவது வாரம் இலையெல்லாம் மஞ்சளாகி, கொழகொழனு கழண்டு விழுந்துருச்சு. 'மதுரை வெயில் தாங்கல'னு ஊர் மேல பழியைப் போட்டேன்.

அப்பத்தாதான் வாசலைக் காட்டுச்சு. நிலைப்படிக்கு மேல திருஷ்டிக்காகத் தலைகீழாத் தொங்குது கற்றாழை. மண் இல்லை, தொட்டி இல்லை, தண்ணி ஊத்த ஆளும் இல்லை. ஆனா, மாசக்கணக்கா பச்சையா இருக்கு! "அது பட்டினியில சாகாதுடா. நீதான் ஊட்டி ஊட்டியே கொன்னுட்ட!"

ரகசியம் என்ன தெரியுமா? மத்த செடிகள் பகல்ல இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்ஸைடை வாங்கும். அதே வழியில தண்ணியும் ஆவியாப் போயிடும். கள்ளி, கற்றாழை கோஷ்டிக்கோ நைட் ஷிஃப்ட்! ராத்திரி சூடு தணிஞ்சதும் துளையைத் திறந்து, வாங்கினதை மாலிக் அமிலமா சேமிச்சு வைக்கும். பகல்ல கதவைச் சாத்திக்கிட்டு, அதை வெச்சு சமையல். நம்ம வீட்டு இன்வெர்ட்டர் மாதிரிதான்!

இதுக்கு ஒரு பழைய க்ளூ நம்ம நாட்டுலயே கிடைச்சது. தரங்கம்பாடிக்கு மிஷனரியா வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில தாவரவியலாளரா இருந்தவர் பெஞ்சமின் ஹெய்ன். 'ரணகள்ளி இலை காலையில புளிக்குது, மதியம் ருசியே இல்லை, சாயங்காலம் லேசா கசக்குது'னு 1813-ல் லெட்டர் போட்டார். 1815-ல் லின்னேயன் சொசைட்டி இதழில் அது அச்சானது. ராத்திரி சேர்ந்த அமிலம்தான் அந்தப் புளிப்பு! (நீங்க மென்னு பார்க்காதீங்க... அந்த இலையில இதயத்தைப் பாதிக்கிற நச்சு இருக்கு!)

ஸோ, இனி கொலைகள் வேண்டாம். இதோ சில டிப்ஸ்...

* தொட்டி: அடியில ஓட்டை கட்டாயம். மண்தொட்டி பெஸ்ட்.

* மண்: செம்மண் ஒரு பங்கு, பெருமணலோ செங்கல் பொடியோ ஒரு பங்கு.

* தண்ணி: ஈர்க்குச்சியை அடிவரைக்கும் குத்தி எடுங்க. ஈரம் ஒட்டியிருந்தா ஊத்தாதீங்க. காய்ஞ்சிருந்தா, ஓட்டை வழியா வடியுற அளவுக்கு ஊத்துங்க.

* இலை பேசும்: சுருங்கினா தாகம். மஞ்சளா, கொழகொழனு ஆனா தண்ணி ஓவர்!

* வெயில்: காலை வெயில் ஓ.கே. சித்திரை, வைகாசி மதியத்துல எச்சிவேரியா மாதிரி செடிகளை நிழலுக்கு மாத்திடுங்க.

* மழை: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில சன்ஷேடுக்குக் கீழே வைங்க.

* மாவுப்பூச்சி: சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு எடுங்க.

பாக்கெட் மணி காலியா? கவலையே வேண்டாம். பக்கத்து வீட்டுல ஒரு கற்றாழைக் கன்னு கேளுங்க. இல்லைன்னா, வேலியோரம் படர்ந்திருக்கிற பிரண்டையில ரெண்டு கணு வெட்டி, வெட்டின இடம் காயுற வரைக்கும் ரெண்டு, மூணு நாள் நிழல்ல வெச்சு நடுங்க. துவையலுக்கும் ஆச்சு!

இப்ப என் ஹாஸ்டல் ஜன்னல்ல ஒரு கற்றாழை இருக்கு. செமஸ்டர் பரபரப்புல பதினெட்டு நாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. கடைசி எக்ஸாம் முடிச்சு ஓடிப்போய்ப் பார்த்தா... புதுசா ஒரு கன்னு எட்டிப் பார்க்குது!